வெளியாள் கேட்டால்

வீரசோழன் போகும் தனியார் பஸ் இரண்டு வந்து, நிரம்பிப் போய்விட்டன. நாகஜோதியும் தங்கலட்சுமியும் ஏறவில்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அரசு டவுன் பஸ் எப்படியும் வரும் என்று, நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பழக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

வழக்கமாக இந்த நிற்பே கிடையாது. மில் வேன் விடியுமுன் திருச்சுழிக்குத் தெற்கே அவர்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ஏற்றிக்கொண்டு, ஷிப்டு முடிந்ததும் அதே இடத்தில் இறக்கிவிடும். அன்று வேனுக்குக் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் வருகிறான், வருகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் நெருக்கி உட்கார்ந்து டவுனுக்கு வந்து, அவரவர் ஊர்ப் பக்கம் பிரிந்துவிட்டார்கள்.

சேலைக்கு மேல் போட்டிருந்த நீலக் கோட்டை நாகஜோதி கழற்றவில்லை. கழற்றினால் கையில் பிடிக்க வேண்டும். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொன்றில் தக்காளியும் கருவாடும் வாங்கிய பை. மில்லின் பெயர் கோட்டின் மார்புப் பக்கம் சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சு படிந்திருந்தது. காலையிலிருந்து நூல் சுற்றி ஓடும் கதிர்களுக்கு நடுவே நடந்து, அறுந்த நூலை ஒட்டி ஒட்டி, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உணர்ச்சியில்லாமல் வழவழவென்றிருந்தன.

பஸ் ஸ்டாண்டின் நடுவில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. மைக் வைத்துக்கொண்டிருந்தவன் உதயகுமார். பாளையம்பட்டிப் பையன், முன்பு செல்போன் கடையில் வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாக வீடியோ சேனல் நடத்துகிறான். கூட ஒருவன் போனைக் கம்பியில் மாட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். உதயகுமார் கையில் ஒரு அட்டை. அதில் ஒரு போனின் படம். முந்தின நாள் ராத்திரிதான் அந்தப் போனை வெளிநாட்டில் அறிவித்திருந்தார்கள். கடைக்கு இன்னும் வரவில்லை.

அவன் செய்தது எளிமையான காரியம். யாரையாவது நிறுத்தி, அட்டையைக் காட்டி, என்ன விலை இருக்கும் என்று கேட்பான். அவர்கள் ஒன்று சொல்வார்கள். பிறகு அவன் உண்மையான விலையைச் சொல்வான். சொல்லும்போது கூட்டாளி போனை அவர்கள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவான். அந்த முகம்தான் அவர்களுக்கு வேண்டும்.

நல்ல முகங்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. காலேஜ் பெண் ஒருத்தி விலையைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். ஆட்டுச் சந்தையிலிருந்து வந்த ஒருவர், "வண்டியோட சேத்தா தம்பி?" என்று கேட்டார். வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், தன் கடையில் உள்ள சரக்கு மொத்தத்துக்கும் அந்த விலை வராது என்று சொல்லிச் சிரித்தார். கண்டக்டர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போய்ச் சொல்லுங்க மதினி," என்று தங்கலட்சுமி அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நாகஜோதி கூச்சப்பட்டாள். ஆனால் உதயகுமார் பார்த்துவிட்டான். அக்கா, அக்கா என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். மைக்கின் தலையில் பஞ்சுப் பொதி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று மாட்டியிருந்தது. முகத்துக்கு நேரே அதை நீட்டியபோது, மில்லை விட்டு வந்தும் பஞ்சு விடவில்லையே என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இருபதாயிரம் இருக்கும் என்றாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்கிறானோ என்று தங்கலட்சுமியைத் திரும்பிப் பார்த்தாள். தங்கலட்சுமியின் வாயும் திறந்தபடி இருந்தது.

"இத யாரு செய்றாக?" என்று நாகஜோதி கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "ஃபேக்டரியிலதான்க்கா. மெட்ராஸ் பக்கம் நம்ம பொண்ணுகளே நெறைய இந்த வேலதான் பாக்குறாக."

"அவுகளுக்கு என்ன சம்பளம் குடுக்குறாக?"

"அது தெரியலக்கா. ஒங்களுக்கு என்ன சம்பளம், அதச் சொல்லுங்க."

"கையில நானூறு ரூவா வாங்குறேன். ஒரு நா லீவு போடாம, ஒரு வா சோறு திங்காம வருசம் முச்சூடும் ஓடுனா இந்தப் போன வாங்கலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். சுற்றி நின்றவர்கள் தன்னையே பார்ப்பது தெரிந்தது. "வாங்கி யாருகூடப் பேச? அதுக்குள்ள செத்துருவோம்ல."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. அவளும் சிரித்தாள். டவுன் பஸ் உள்ளே நுழைவதைத் தங்கலட்சுமி பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் ஓடினார்கள். சன்னலோரம் இடம் கிடைத்தது. திருச்சுழி வருவதற்குள் நாகஜோதி தூங்கிப்போனாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் சுகப்பிரியா காலேஜிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமலே அடுப்படிக்கு வந்து போனை நீட்டினாள். இரண்டாம் வருஷம் படிக்கிறவள். திரையின் மூலையில் கீறல் விழுந்த பழைய போன் அவளுடையது. அந்தக் கீறலுக்குக் கீழே நாகஜோதியின் முகம் இருந்தது.

விலையைச் சொன்ன இடத்தில் அவள் முகத்தை நிறுத்தி, கண்ணைப் பெரிதாக்கி, ஒரு மணிச் சத்தம் சேர்த்திருந்தார்கள். அப்புறம் அவள் பேசினாள். தன் குரலா இது என்று நாகஜோதிக்கு இருந்தது. மில் இரைச்சலில் பேசிப் பேசி, பக்கத்தில் நிற்பவனிடமே அவள் கத்தித்தான் பேசியிருக்கிறாள். நானூறு ரூவா என்று அந்தக் குரல் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது. சுகப்பிரியா நிறுத்தவில்லை, வீடியோ முடிந்ததும் தானாகவே மறுபடி ஓடியது.

லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அவள் வகுப்பில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். எங்கம்மாதான் என்று சொன்னதும் முதலில் நம்பவில்லையாம். பிறகு அம்மாவைப் பார்க்கணும் என்று கேட்டார்களாம். சுகப்பிரியாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கீழே எழுதியிருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினாள். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு என்று ஒருவர். செத்துருவோம்ல என்றதில் சிரித்துவிட்டுப் பிறகு அழுதேன் என்று ஒருவர். சில இடங்களில் மகளின் கட்டைவிரல் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனதை நாகஜோதி கவனித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

"பஞ்சு மில்லுக்குக் கூலி இதவிடக் கூட இருக்கணுமே, எந்த மில்லுன்னு ஒருத்தர் கேட்டுருக்காரும்மா," என்று சொல்லிவிட்டுச் சுகப்பிரியா அடுத்ததை வாசித்தாள். "கோட்டுல பேரு இருக்கு பாருங்கன்னு இன்னொருத்தர் போட்டுருக்காரு."

அதற்குக் கீழே யாரோ அவள் கோட்டின் மார்புப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். சிவப்பு நூல் எழுத்துகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன.

நாகஜோதி அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தாள்.

அந்த மில்லின் நூலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஆட்கள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பு பெண்களைப் பத்துப் பத்துப் பேராகக் கேன்டீனில் உட்காரவைத்து சூப்பர்வைசர் பாடம் நடத்துவார். வெளியாள் கேட்டால் சம்பளம் ஐந்நூற்று அறுபது. வேலை எட்டு மணி நேரம். அதற்கு மேல் பார்ப்பது அவரவர் விருப்பம். மூக்குக்குக் கட்டும் துணி மாதாமாதம் புதிது தருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒவ்வொருத்தியும் ஒப்பிக்க வேண்டும். போன தடவை நாகஜோதி ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள். நன்றாகச் சொன்னவர்களுக்கு மில்லில் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு அது ஞாபகம் வரவேயில்லை. அவன் போனைப் பற்றித்தான் கேட்டான். அவனை வெளியாள் என்று அவள் நினைக்கவில்லை.

புருஷன் சங்கையா கரிமூட்டத்திலிருந்து வந்தான். வெட்டிய கருவேல மரத்தை அடுக்கி மண் பூசி எரியவிடுகிற வேலை. பல்லும் கண்ணும் தவிர மற்றதெல்லாம் கறுத்திருந்தது. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, மகள் காட்டியதைப் பார்த்தான். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தான். நாகஜோதி சோற்றைப் போட்டாள்.

"அம்புட்டுப் பேருக்கு முன்னால நின்னு எதுக்கு அதச் சொன்ன?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

கேட்டான், சொன்னேன் என்றாள்.

காலையில் வேன் வந்தது. ஏறியபோது உள்ளே இரண்டு மூன்று போன்களில் அவள் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். மில்லைப் பற்றிச் சொல்லச் சொல்லி எவளோ கிண்டல் செய்தாள். திருச்சுழி தாண்டியதும் சத்தம் குறைந்தது. நமக்கெல்லாம் இதனால எதுவும் வம்பு வருமா என்று பின்னால் யாரோ மெதுவாகக் கேட்டார்கள். வீடியோவில் நாகஜோதிக்குப் பின்னால் தன் தோளும் காதும் தெரிவதைத் தங்கலட்சுமி கண்டுபிடித்திருந்தாள். அது தான்தான் என்று தெரியுமா மதினி என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வந்து தோளைத் தட்டி, ஆபீஸைக் கைகாட்டினார். அவள் பார்க்கும் மெஷினில் நாலைந்து இடத்தில் நூல் அறுந்து கிடந்தது. ஒட்டிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினாள். வேண்டாம், போ என்று அவர் கையை ஆட்டினார்.

ஆபீஸில் ஏ.சி. ஓடியது. வேர்த்த உடம்புக்குக் குளிர் சுள்ளென்று ஏறியது. ஆட்களைப் பார்க்கும் அதிகாரி வெங்கடரமணன் அவளை உட்காரச் சொன்னார். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பத்துக்காரர். யாரையும் வாடி போடி என்று பேசுகிறவர் இல்லை. கண் சிவந்திருந்தது. முதலாளி வீட்டிலிருந்து அவருக்கு ஏற்கெனவே போன் வந்து, அவர் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது என்பது அவர் பேசப் பேசத் தெரிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். யாரோ தமிழ் தெரிந்தவர் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆர்டர் போனால் ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டியிருக்கும், இருநூறு பொம்பளைகள் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும் என்றார்.

ஒரு போன் படத்தைக் காட்டி ஒரு பையன் கேட்டதற்கும் இருநூறு பேர் வேலைக்கும் நடுவே இருக்கும் வழி நாகஜோதிக்குப் புரியவில்லை. தெரியாமச் சொல்லிட்டேன் சார் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

தெரியாமல் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம் என்றார் அவர். அதையே இன்னொரு வீடியோவில் சொல்லிவிட்டால் போதும். சம்பளம் ஐந்நூற்று அறுபது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மில்லில் எந்தக் குறையும் இல்லை. அவ்வளவுதான்.

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். கோட்டில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிடச் சொன்னார். எதிரில் நின்று தன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

நாகஜோதி போனைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஐந்நூத்தி அறுவதக் குடுத்துறலாமே சார்," என்றாள். "பொய் சொல்ல வேண்டியதில்லேல்ல."

வெங்கடரமணன் போனைத் தாழ்த்தினார். அறையில் இருந்த டைப்பிங் பெண் பானுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எங்கேயோ எதிர்பாராமல் இடித்துக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"அது என் கையில இல்லம்மா," என்றார். "இது மட்டுந்தான் என் கையில இருக்கு." போனை மறுபடி தூக்கினார்.

முதல் தடவை அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டாம் தடவை ஐந்நூற்று அறுபது என்பதற்குப் பதில் நானூற்று அறுபது என்று வந்துவிட்டது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது, ஆனால் முகம் அழுகிற மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்னார். அந்த வீடியோவில் எவ்வளவு அழகாகச் சிரித்தீர்கள், அந்த மாதிரி என்றார். பானுப்பிரியா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாகஜோதி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

திரும்பி வந்தபோது அவள் மெஷினில் நூல் சரம் சரமாய் அறுந்து, பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மெஷினைப் பார்க்கும் தங்கலட்சுமி இரண்டையும் சமாளிக்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்தாள். என்ன கேட்டார்கள் என்று உதட்டசைவில் கேட்டாள். நாகஜோதி கையை விரித்துவிட்டுக் குனிந்து நூலை ஒட்ட ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உதயகுமார் அவள் ஊரைத் தேடிப் பைக்கில் வந்தான். மைக் இல்லாமல் பார்த்தால் சின்னப் பையனாகத் தெரிந்தான். வேப்பமரத்தடியில் சங்கையா போட்ட கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். மில்லிலிருந்து அவனைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடாவிட்டால் கேஸ் போடுவோம் என்று வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். அவன் பயந்துபோய்ப் பழையதை அழித்துவிட்டான். அவன் சேனலில் அத்தனை பேர் பார்த்த வீடியோ அது ஒன்றுதான். ஆனால் அழித்தும் பயனில்லை. அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துப் பாட்டு வைத்தும் படம் வைத்தும் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். அவளை மட்டும் வெட்டியெடுத்து, அந்தப் போன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி ஒருவன் போட்டதை எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

அவளுடைய புதிய வீடியோவை அவன் தன் போனில் வைத்திருந்தான். அதைப் பார்த்து அவன் அதிர்ந்துபோயிருந்தான் என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. அவளைக் கேட்காமல் போட மனசில்லை என்றான். இதையும் போட்டால் ஜனங்கள் உங்களைத்தான் பேசுவார்கள் என்று சொல்லிப் பார்த்தான்.

"ரெண்டுல எது நெசம்க்கா?" என்று கேட்டான்.

"ரெண்டுலயும் நாந்தான தம்பி பேசுறேன். எது நெசம்னு ஒனக்குத் தெரியலயா?"

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போடுப்பா," என்றாள். "எனக்கு வேல வேணும். மக படிச்சு முடிக்கணும்."

சங்கையா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். உதயகுமார் கிளம்பும்போது, மன்னிச்சிருங்கக்கா என்றான். நீ என்ன பண்ணுவ, கேட்ட, சொன்னேன் என்று அவனிடமும் அதையே சொல்லி அனுப்பினாள்.

புதிய வீடியோ வந்த அன்று சுகப்பிரியா வாசித்துக் காட்டவில்லை. போனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாகஜோதி எழுத்துக்கூட்டி வாசிப்பாள். மகள் குளிக்கப் போனபோது தானே எடுத்துப் பார்த்தாள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருந்தார்கள். இந்த மாதிரி ஆட்களுக்காகப் பேசவே கூடாது என்று எழுதியிருந்தார்கள். முதல் வீடியோவுக்குச் சிரித்து அழுததாக எழுதியவர் பெயரை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். அவர் இதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார். அதை அவள் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டாள். கண்ணை எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரென்றே தெரியாத ஒரு மனிதனை அவள் எந்த விதத்தில் ஏமாற்றினாள் என்று யோசித்தாள்.

மகள் வந்து போனை வாங்கிக்கொண்டாள். "பாக்காதம்மா," என்றாள்.

வேலை மட்டும் ஓடியது. ஒரு வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வெங்கடரமணன் ஒரு தடவை மெஷின் பக்கம் வந்து, தலையசைத்துவிட்டுப் போனார். முடிந்துவிட்டது என்று நாகஜோதி நினைத்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

திங்கள்கிழமை ஊர் விலக்கில் வழக்கம்போல நின்றாள். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. கருவேலங்காட்டுக்கு மேலே மூட்டப் புகை அசையாமல் நின்றது. தங்கலட்சுமியை இன்னும் காணவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது வேனின் விளக்கு தெரிந்தது. தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்தாள். வேன் வேகத்தைக் குறைக்கவில்லை. டிரைவர் நேராகப் பார்த்து ஓட்டினான். இரண்டாவது சன்னலில் தங்கலட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவளை ஊருக்குள்ளேயே போய் ஏற்றியிருந்தார்கள். நாகஜோதியைப் பார்த்ததும் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேன் போய்விட்டது. புழுதி அடங்குகிறவரை நாகஜோதி நின்ற இடத்திலேயே நின்றாள். டிரைவர் மறந்துவிட்டான், திரும்பி வருவான் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

பஸ் பிடித்து, மாறி, மில் வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாட்ச்மேன் மொக்கையன் கேட்டைத் திறக்கவில்லை. வயதானவர், அவளிடம் எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். இன்று கண்ணைப் பார்க்காமல், உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிருக்காக தாயி என்றார். ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவள் வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு கையில் மடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வருவதா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்து, கடைசியில் கழற்றிவிட்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து வெங்கடரமணன் கேட்டுக்கு வந்தார். வெளியே வரவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். சேர வேண்டிய பணமெல்லாம் கணக்கில் வந்துவிடும் என்றார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். இரண்டு வீடியோவையும் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க சொல்லச் சொன்னதத்தான சார் சொன்னேன்."

"சொன்னீங்கம்மா. நான் இல்லேன்னு சொல்லல."

"அவுக கேட்டாலும் அதையே சொல்றேன். தடுமாற மாட்டேன். போன தடவ டப்பா வாங்குனேன்ல."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இப்ப எதச் சொன்னாலும் அவங்க நம்ப மாட்டாங்கம்மா. வேலைய விட்டு நின்னுட்டாங்க, ஊருல இல்லேன்னு சொன்னாத்தான் பேச்சு முடியும்."

"நான் ஊருலதான சார் இருக்கேன்."

கோட்டை மொக்கையனிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். பாதி தூரம் போய் நின்றார். திரும்பி வரப்போகிறார் என்று நாகஜோதி எழுந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மொக்கையன் தண்ணீர் பாட்டிலைக் கம்பி வழியே நீட்டினார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பதினோரு வருஷம் இந்த வாசல் வழியாகப் போய் வந்தவள், இதன் கம்பிகளுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் பார்த்தாள்.

இரண்டாவது ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பாளையம்பட்டிப் பக்கத்து வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். கேட்டுக்குள் புதிதாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் நூல் உருளை அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. இனிமேல் யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, இங்கேயே போட்டுவிட வேண்டும் என்று மொக்கையன் ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். ஒருத்தி எதிர்த்துக் கேட்டாள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், காய்ச்சல், போன் வந்தால் எப்படித் தெரியும் என்றாள். மொக்கையன் ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பட்டன் போனைத் துணிப்பையோடு சேர்த்துப் பெட்டியில் போட்டாள். சிலர் நாகஜோதியைப் பார்த்தார்கள். பார்த்ததும் நடையை எட்டிப் போட்டார்கள். வரிசை உள்ளே போய் முடிந்தது. மெஷின் சத்தம் ஏறியது.

நாகஜோதி கோட்டைக் கம்பி வழியே கொடுத்தாள். மொக்கையன் வாங்கி மேஜையில் வைத்தார்.

பெட்டிக்குள் ஒரு போன் அடிக்க ஆரம்பித்தது. துணிப்பைக்குள்ளிருந்து வந்த சத்தம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்து என்னன்னு கேளுங்கண்ணே என்று நாகஜோதி சொன்னாள். தொடக் கூடாதுன்னு உத்தரவு தாயி என்றார் அவர். மூன்றாம் தடவை அடித்தபோது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளுடைய நீலக் கோட்டை எடுத்து விரித்துப் பெட்டியின் மேல் போட்டு மூடினார். சத்தம் அமுங்கியது, நிற்கவில்லை.